நெஞ்சு அடிப்பதைக் கேட்காதே என்பவருக்கு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்குப் பீதி நோய் என்ற ஒன்றே இருந்ததில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, வாளியும் காண்டா என்னும் தோள்கம்பும் தூக்கி மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்களுக்குத் தங்கள் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று கவனிக்க நேரமில்லையாம். கவனிக்காததால் பயமும் இல்லையாம். பட்டணத்துக்கு வந்து, கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பை எண்ணத் தொடங்கிய பிறகே இந்த வியாதி வந்ததாம். ஆகவே உடலைக் கவனிப்பதை விடுங்கள், பயம் தானாக ஓடிவிடும் என்பது அவர் அறிவுரை. இதற்கும் மேலே போய், இப்படித் துவள்கிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மனத்திடம் போதவில்லை என்று ஒரு தீர்ப்பும் வழங்கியிருக்கிறார்.

தோட்டத்தைப் பற்றி அவர் சொன்னது பொய். உடலைப் பற்றிச் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் கொடுக்கும் அறிவுரை ஆளைக் கொல்லக்கூடியது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு பத்து ஆண்டு வாழ்ந்த எவரையும் கேளுங்கள். நடுராத்திரியில் ஒரு வீட்டில் விளக்கு எரியும். ஒருத்தி எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, கைகால் வெலவெலத்துப் போச்சு, நான் போயிடுவேன் என்று கதறுவாள். பக்கத்து வீட்டார் கூடுவார்கள். ஒருவர் வாயு என்று ஓமத்தண்ணி காய்ச்சுவார். ஒருவர் கோடாலித் தைலம் தேய்ப்பார். இன்னொருவர் முனியாண்டி கோயிலுக்கு ஓடி விபூதி கொண்டு வருவார். அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். காத்து அடிச்சிருக்கு என்று சொல்லிக் கலைவார்கள். அடுத்த வாரம் மறுபடி வரும். நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல், நடுக்கம், செத்துவிடுவோம் என்ற திகில், சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி இறங்கும் வேகம்: மனநல மருத்துவர்கள் பீதித் தாக்குதலுக்குச் சொல்லும் அடையாளங்கள் இவைதாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பீதி நோய் தனிப் பெயரோடு இடம்பெற்றது 1980-இல். பெயர் வந்த நாளில் நோய் பிறந்தது என்று நினைக்கிறவருக்கு மருத்துவ வரலாறும் தெரியாது, லயமும் தெரியாது.

பட்டணத்துச் சொகுசில் வந்த வியாதி என்கிறார். 1871-இல் ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களிடம் கண்டதை எழுதினார். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்கள். நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல். ஆனால் பலருடைய இதயத்தில் கோளாறு எதுவும் பிடிபடவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களிடமும் இதையே கண்டு மருத்துவர்கள் திணறினார்கள். துப்பாக்கி ஏந்திக் காட்டிலும் சேற்றிலும் கிடந்தவர்கள் அவர்கள். உடலைக் கவனிக்க நேரமில்லாத வாழ்க்கை பீதியிலிருந்து காப்பாற்றும் என்றால், அவர்களை ஏன் காப்பாற்றவில்லை?

நம் தோட்டங்களோ அமைதிப் பூங்காவாக இருந்தவை அல்ல. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. திரும்பியவர்கள் என்ன சுமந்து வந்தார்கள் என்று எந்தத் தோட்ட மருத்துவமனையும் பதிவு வைத்ததாகத் தெரியவில்லை. பதிவு இல்லாததைப் பயம் இல்லாததற்குச் சான்றாகக் காட்டுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

இனி, உடலைக் கேட்காதே என்ற அறிவுரைக்கு வருகிறேன். நெகிரி செம்பிலானில் இருந்துகொண்டு ஒருவர் இதைச் சொல்லக் கூடாது. ஏனென்றால், நெஞ்சு படபடக்கிறது என்று தொழிலாளி சொன்னதைக் காதில் வாங்கியதால் உலகத்துக்கே வழி பிறந்த மாநிலம் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி இங்கே கூட்டம் கூட்டமாக ஆளை அள்ளிக்கொண்டு போனது. காலில் மதமதப்பு, படபடப்பு, மூச்சு வாங்கல், வீக்கம், பிறகு சாவு. நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் விழுந்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களை அந்த நோய் அநேகமாகத் தொடவில்லை. 1907-இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் இந்த மாநிலத்தின் உட்புறத்தில் டுரியான் திப்புஸ் என்ற இடத்தில், சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். தீட்டிய அரிசி உண்டவர்களிடையே நோய் வந்தது. புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே வரவில்லை. தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது 1926-இல்தான். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே வழி தெரிந்துவிட்டது. படபடப்பை மறந்து வேலையைப் பார் என்று அந்தத் தொழிலாளர்களிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கட்டுரையாளர் யோசித்துப் பார்க்கட்டும்.

அது பழங்கதை என்று தள்ளுவார். சரி, நம் காலத்துக்கே வருகிறேன். ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு, மருந்தடிக்கும் வேலையில் பெருமளவுக்குத் தள்ளப்பட்டவர்கள் நம் பெண்கள். முதுகில் டாங்கி, கையில் பீச்சு குழாய், முகத்தில் ஒரு துண்டுத் துணி. களைக்குப் பாராகுவாட். பூச்சிக்கு ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகள். இந்த இரண்டாம் வகை நஞ்சு நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சிதைத்து அடக்கும் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. விளைவு என்ன? வியர்வை கொட்டும், நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், தலை சுற்றும், கை நடுங்கும், காரணமில்லாத கலக்கம் வரும். பீதித் தாக்குதலின் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒன்றுதான். ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகனித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் இந்த நிலையை ஆய்ந்து 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசு முடிவெடுத்தது, 2006-இல் தளர்த்தியது, முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். நடுவில் போன ஆண்டுகளில் எத்தனை பெண்களிடம், ஒன்றுமில்லை, மனசைத் தைரியமா வெச்சுக்க என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்!

என் சின்னம்மா அவர்களில் ஒருவர். மருந்தடித்துவிட்டு வந்த மாலைகளில் அவருக்கு நெஞ்சடிப்பும் நடுக்கமும் வரும். நாளாக ஆக, மருந்தடிக்காத நாள்களிலும் வந்தது, கோயில் திருவிழாக் கூட்டத்தில் வந்தது, பஸ்ஸில் வந்தது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் வெள்ளை மாத்திரை கொடுத்து, பயந்த சுபாவம் என்றார். பூசாரி எலுமிச்சம்பழம் வெட்டி, வெளிக்காட்டில் ஏதோ பட்டிருக்கிறது என்றார். இன்னைக்கு என்ன மருந்து அடிச்சே என்று இருவரும் கேட்கவில்லை. நஞ்சா, பீதியா, நஞ்சு தொடங்கி வைத்ததைப் பீதி பிடித்துக்கொண்டதா என்று பிரித்தறிய ஒரு ரத்தப் பரிசோதனையும் பத்து நிமிடப் பேச்சும் உதவியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை அவருக்கு யாரும் தரவில்லை. கட்டுரையாளர் புகழ்ந்து எழுதும் அந்தத் தோட்டத்துத் துணிச்சல் இப்படித்தான் தயாரானது: கேட்க ஆளில்லாததால் வாயை மூடிக்கொண்டார்கள். அதைத் துணிச்சல் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு இந்த அறிவுரை இன்னும் ஆபத்தானது. மலேசியாவின் மூன்று பெரிய இனத்தாரிலும் நீரிழிவு அதிகமாக இருப்பது இந்தியரிடையேதான். சுகாதார அமைச்சின் தேசியக் கணக்கெடுப்புகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் வியர்க்கும், நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உடனே இனிப்புக் கொடுக்காவிட்டால் நினைவு தப்பலாம். நெடுநாள் நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பே வலியில்லாமல் வரலாம். மூச்சு வாங்கலும் வியர்வையுமே அறிகுறியாக இருக்கலாம். ரத்தசோகையும் தைராய்டு மிகையும் படபடப்பாகக் கதவைத் தட்டலாம். இந்தச் சமூகத்தைப் பார்த்து, நெஞ்சு அடிப்பதைக் கேட்காதே என்று எழுதுகிறவர் எத்தனை வீட்டில் எத்தனை பேர் அந்தப் பேச்சை நம்பி ஒரு மணி நேரம் தாமதிப்பார்கள் என்று எண்ணினாரா?

அவர் சொன்ன பாதி உண்மையை மறைக்க எனக்கு அவசியமில்லை. பீதி நோய் உள்ளவர்கள் தங்கள் உடலைக் காவல் காக்கிறார்கள். அந்தக் காவல் நோயை வளர்க்கிறது. இது சரி. ஆனால் கவனிப்பதுதான் நோய் என்று அதிலிருந்து தாவுவது தவறு. எங்கே தவறு என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

உடலுக்குள் நடப்பதை உணரும் திறனை அறிவியலார் இன்டெரோசெப்ஷன் என்கிறார்கள். நரம்பியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906-இலேயே உள்ளுறுப்புகளிலிருந்து வரும் உணர்வுகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். பசி, தாகம், மூச்சுத் தேவை, சிறுநீர் முட்டுவது, நெஞ்சு துடிப்பது எல்லாம் இதன் வேலை. உச்சி வெயிலில் பழம் பொறுக்குகிறவர், போதும், நிழலில் உட்கார வேண்டும் என்று அறிவது இதனால்தான். இதைத் துறந்தால் வெயிலில் சுருண்டு விழ வேண்டியதுதான்.

ஒருவர் தன் நெஞ்சுத் துடிப்பை எவ்வளவு துல்லியமாக உணர்கிறார் என்று அளக்க ஒரு முறை உண்டு. ஜெர்மன் உளவியலாளர் ரைனர் ஷாண்ட்ரி 1981-இல் வெளியிட்டது. நாடியைத் தொடாமல், குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை துடிப்பு என்று எண்ணச் சொல்லி, கருவியின் கணக்கோடு ஒப்பிடுவார்கள். பீதி நோயாளிகளை இதில் உட்கார வைத்தபோது, சில ஆய்வுகளில் அவர்கள் மற்றவர்களைவிடத் துல்லியமாக எண்ணினார்கள். வேறு சிலவற்றில் வேறுபாடே தெரியவில்லை. மொத்தத்தில், நோயாளிகளிலும் துல்லியமாக எண்ணக்கூடியவர்கள் சிறுபான்மைதான். கூர்ந்து கேட்பதுதான் நோய் என்றால் இந்த முடிவு வந்திருக்க முடியாது.

பிறகு எது நோய்? 1988-இல் உளவியலாளர் ஆன்கே எலெர்ஸும் அவருடைய சகாக்களும் செய்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. நெஞ்சுத் துடிப்பு என்று சொல்லி ஓர் ஒலியைக் கேட்கவிட்டு, திடீரென்று அதைப் பொய்யாக வேகப்படுத்தினார்கள். அதைத் தன் நெஞ்சு என்று நம்பிய பீதி நோயாளிகள் கலங்கினார்கள். அதன் பிறகு அவர்களுடைய உண்மையான துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. நோயில்லாதவர்களிடம் அப்படி நடக்கவில்லை. உள்ளே எதுவும் மாறாதபோதே, மாறிவிட்டது என்ற நம்பிக்கை உடலை மாற்றியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1986-இல், டேவிட் கிளார்க் இந்தச் சுழலை விளக்கியிருந்தார். ஒரு சாதாரணத் துடிப்பு; மாரடைப்பு என்ற பொருள் கொள்ளல்; அதனால் அச்சம்; அச்சத்தால் இன்னும் வேகமான துடிப்பு; அது மாரடைப்புக்கு மேலும் ஒரு சான்று. மூச்சை வேகமாக இழுத்து விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனி சுருசுருக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, நெஞ்சு இறுகுகிறது. சுழல் இன்னொரு சுற்று ஏறுகிறது. உடல் சொன்ன செய்தியில் பிழையில்லை. நெஞ்சு உண்மையிலேயே வேகமாகத்தான் அடிக்கிறது. அதற்கு நாம் கொடுத்த அர்த்தத்தில்தான் பிழை.

அர்த்தம் எங்கிருந்து வருகிறது? சுற்றியிருப்பவர்களிடமிருந்து. அமெரிக்காவில் குடியேறிய கம்போடிய அகதிகளை டெவன் ஹிண்டன் நெடுங்காலம் ஆய்ந்தார். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால், உடலுக்குள் காற்று மேலேறிக் கழுத்து ரத்தக்குழாயை வெடிக்கச் செய்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சமே பீதித் தாக்குதலாக முற்றியது. வாயு ஏறி நெஞ்சை அடைச்சிடும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா? பெரட்டுக் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், ஆம்புலன்ஸ் வருமுன் போய்விட்டவர் என்று ஒவ்வொரு லயத்திலும் ஒரு கதை உண்டு. அந்தக் கதையோடு வளர்ந்த பிள்ளை தன் படபடப்பைச் சாவென்று படிப்பதற்குக் கோழைத்தனம் காரணமில்லை. அது கண்ணால் கண்ட பாடம்.

கோழைத்தனம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். மூளையில் அச்சத்துக்கு மையம் எனப்படும் அமிக்டலா இரு பக்கமும் சிதைந்துபோன மூன்று பேரை ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழு சோதித்து 2013-இல் வெளியிட்டது. அவர்களில் ஒரு பெண் பாம்புக்கும் அஞ்சாதவர், கத்தி முனையில் மிரட்டப்பட்டும் பயம் அறியாதவர். 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்க வைத்ததும் மூவரும் பீதியில் துடித்தார்கள். வெளி ஆபத்துக்கு அஞ்சாதவரையும் உள்ளிருந்து வரும் மூச்சுத்திணறல் ஆட்டிவைக்கும். மனத்திடம் போதாத பெண்கள் என்று எழுதியவர் இதைப் படித்துவிட்டு அந்த வரியை வெட்கத்தோடு அடிக்கட்டும்.

என்னை மிகவும் உலுக்கிய ஆய்வு வேறொன்று. 1989-இல் சாண்டர்சன், ரேப்பி, பார்லோ மூவரும் 20 பீதி நோயாளிகளுக்கு 5.5 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைக் கொடுத்தார்கள். எதிரே ஒரு விளக்கு எரிந்தால், பக்கத்திலுள்ள திருகைத் திருப்பி வாயுவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எல்லாரிடமும் சொன்னார்கள். பத்துப் பேருக்கு விளக்கு எரிந்தது, பத்துப் பேருக்கு எரியவில்லை. திருகு உண்மையில் எதையும் மாற்றாது. விளக்கு எரியாத பத்தில் எட்டுப் பேருக்குப் பீதித் தாக்குதல் வந்தது. எரிந்த பத்தில் இரண்டு பேருக்குத்தான். ஒரே காற்று, ஒரே நெஞ்சு இறுக்கம். என் கையில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் ஒன்றுதான் வேறுபாடு. இப்போது தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வீடு தோட்டத்தினுடையது, வேலை போனால் கூரையும் போகும். கூலியை வேறொருவர் தீர்மானிப்பார். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் வந்தால் எங்கே போவது என்று தெரியாது. திருப்புவதற்கு ஒரு திருகுகூட இல்லாமல் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களிடம், உங்கள் பயத்துக்கு நீங்கள் உடலைக் கவனித்ததே காரணம் என்று சொல்ல ஒருவருக்கு நாக்கு எப்படி வந்தது?

மறந்துவிடு என்பது மருந்தாகவும் பலிப்பதில்லை. கேட்காமலிருக்க முயல்கிறவர் இருபத்துநாலு மணி நேரமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார். படி ஏறினால் நெஞ்சடிக்கும் என்று படி ஏறுவதை விடுவார். காப்பியை விடுவார். கல்யாண மண்டபத்தில் கதவோரமாக உட்காருவார். தைலப் புட்டியில்லாமல் வெளியே போக மாட்டார். ஒவ்வொரு தவிர்ப்பும், நீ தப்பித்தது இதனால்தான் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கும். நாளடைவில் வீட்டு வாசலே எல்லையாகிவிடும். என் சின்னம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று.

டேவிட் பார்லோவும் மிஷல் கிராஸ்கியும் வளர்த்தெடுத்த சிகிச்சை இதற்கு நேர் எதிரான திசையில் போகிறது. மருத்துவர் இதயத்தையும் ரத்தத்தையும் பார்த்து, ஆபத்தில்லை என்று உறுதி சொன்ன பிறகு, நோயாளியை வேண்டுமென்றே அந்த உணர்வுக்குள் இறக்குவார்கள். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடச் சொல்வார்கள். சுழல் நாற்காலியில் சுற்றுவார்கள். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடச் சொல்வார்கள். நெஞ்சு அடிக்கும், தலை சுற்றும், மூச்சு முட்டும். ஓடித் தப்பாமல் அதிலேயே இருக்க வைப்பார்கள். திரும்பத் திரும்பச் செய்யும்போது, அடித்த நெஞ்சு அடங்கும், நான் சாகவில்லை என்பதை உடலே கற்றுக்கொள்கிறது. பலருக்குப் பலித்த, முறையாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சை இது. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் அனுமதியில்லாமல் இதைச் செய்யக்கூடாது. உடலைக் கேட்டு, அது சொல்வதைச் சரியாகப் படிக்கக் கற்பதுதான் குணமாகும் வழி.

இதைப் படிக்கிறவர்களுக்கு: நெஞ்சில் பாரம் அழுத்தினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்த்து மூச்சு வாங்கினாலோ, 999-ஐ அழையுங்கள், பயந்த சுபாவம் என்று யாராவது சொல்வார்களே எனக் கூச்சப்படாதீர்கள். நீரிழிவு உள்ளவர் நடுங்கி வியர்த்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர் எந்த மருந்து என்று பெயரை எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். எல்லாம் பார்த்தும் கோளாறில்லை, ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. கட்டுரையாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நெஞ்சு அடிப்பதைக் கேட்காதே என்ற அந்த அறிவுரையை அவர் அச்சில் திரும்பப் பெற வேண்டும்.